நீங்கள் வேலையை விடவில்லை, விட வைத்திருக்கிறார்கள்

கேள்வி: ஐயா, நான் திருநெல்வேலியில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் ஆறு வருஷமாகச் சேலை செக்‌ஷனில் வேலை பார்த்தேன். சம்பளம் 15,600 ரூபாய். பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் பிடித்தார்கள். கடையில் நூற்றைம்பது பேருக்கு மேல் இருக்கிறோம். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து இப்போதுதான் உண்டாகியிருக்கிறேன். ஐந்தாம் மாதம் நடக்கிறது, நவம்பரில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் ராத்திரி ஒன்பதரை வரை நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். கால் வீங்கிச் செருப்பு மாட்ட முடியவில்லை. ஒரு நாள் கூட்டம் இல்லாத நேரத்தில், காலிப் பெட்டி ஒன்றின் மேல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தேன். கேமராவில் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் வந்து, "நிக்க முடியலன்னா வீட்ல கிடக்க வேண்டியதுதானம்மா" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். மறுநாளே குடோனுக்கு மாற்றி பண்டல் பிரிக்கச் சொன்னார்கள். ஜூன் 18 அன்று மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டு, "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்னு எழுதிக் கொடு, இல்லன்னா சேலை எடுத்தேன்னு போலீஸுக்குப் போவோம்" என்றார்கள். கை நடுங்க எழுதிக் கொடுத்துவிட்டேன். சேரும்போது வாங்கி வைத்த என் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டைத் தரவில்லை. அப்போது வெற்றுத் தாள் இரண்டில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். கணக்கு முடிக்க வந்து கையெழுத்துப் போட்டால்தான் சர்டிபிகேட் தருவோம் என்கிறார்கள். நானே எழுதிக் கொடுத்த பிறகு சட்டம் என்ன செய்யும்? கேஸ் போட்டால் ஊரில் எந்தக் கடையிலும் சேர்க்க மாட்டார்கள் என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார்.

வழக்கறிஞர் பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் காலண்டரை எடுத்து நாள்களை எண்ணுங்கள். ஜூன் 18 வியாழக்கிழமை. அன்றிலிருந்து 30 நாள் என்றால் ஜூலை 18. அது சனிக்கிழமை, அரசு அலுவலகம் இருக்காது. ஆகவே ஜூலை 17 வெள்ளிக்கிழமை மாலைக்குள் உங்கள் மனு தொழிலாளர் துறை அலுவலகத்தில் சேர்ந்து, நகலில் முத்திரை விழுந்திருக்க வேண்டும். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் கடைக்காரர்களுக்கு நேரம் ஓடுவது தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இந்த 30 நாள் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆவது பிரிவு உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை, நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்குப் பதில் சம்பளமோ தராமலும் நிறுத்தக் கூடாது. ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டி நிறுத்தினால் நோட்டீஸ் வேண்டாம்; ஆனால் விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவு செய்து, குற்றம் நிரூபணமாகியிருக்க வேண்டும். நிறுத்தப்பட்டவர் 30 நாளுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். துணை ஆணையர் போன்ற மூத்த நிலையில் இருப்பவர்தான் அந்த அதிகாரி. உங்கள் பகுதிக்கு யார் என்பதை, மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

கடந்த 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதனால் பழைய சட்டமெல்லாம் போய்விட்டது என்று கடைத் தரப்பில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடைகள் சட்டம் மாநிலச் சட்டம், அது அப்படியே இருக்கிறது. புதிய தொகுப்புகளிலும் உங்களுக்கு உதவும் பிரிவுகள் உண்டு, பின்னால் வருகிறேன்.

இனி, நீங்கள் கேட்ட பெரிய கேள்வி. "நானே எழுதிக் கொடுத்துவிட்டேனே" என்கிறீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறேன். இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு, வழக்கே வேண்டாம் என்று எழுந்து போனவர்களை எண்ணிப் பார்த்தால் மனசு கனக்கிறது. கையெழுத்து உங்களுடையதுதான். சம்மதம் உங்களுடையதா என்பதுதான் சட்டத்தின் கேள்வி. இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் சுதந்திரமான சம்மதம் என்றால் என்ன என்று 14ஆவது பிரிவே சொல்கிறது. மிரட்டியோ, மேலிருப்பவர் தன் பிடியைப் பயன்படுத்தியோ வாங்கிய சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. பாதிக்கப்பட்டவர் அதை ரத்து செய்ய முடியும். செய்யாத திருட்டுக்குப் போலீஸில் பிடித்துக் கொடுப்பேன் என்று சொல்லி எழுதி வாங்கியது மிரட்டல் இல்லாமல் வேறென்ன? அதோடு, ராஜினாமா முறைப்படி ஏற்கப்பட்டு நடைமுறைக்கு வருவதற்கு முன் அதைத் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டோம் என்று கடையிலிருந்து உங்களுக்குத் தாள் ஏதும் வந்ததா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. வரவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கடைத் தரப்பு மேல்முறையீட்டில் என்ன சொல்லும் என்பதும் தெரிந்ததுதான். "நாங்கள் நிறுத்தவே இல்லை, அவராகவே போனார், 41ஆவது பிரிவு இங்கே வராது" என்பார்கள். இந்த வாதத்தை உடைக்க உங்கள் கையில் ஒரு தாள் வேண்டும். அதை இன்றைக்கே எழுதுங்கள். வக்கீல் நோட்டீஸ்தான் வேண்டும் என்பதில்லை, உங்கள் கையெழுத்திலேயே இப்படி எழுதலாம்:

"நான் தங்கள் கடையில் ஆறு வருடங்களாகச் சேலைப் பிரிவில் பணிபுரிகிறேன். ஐந்து மாதக் கர்ப்பிணி. 18.6.2026 அன்று மேலாளர் அறையில், திருட்டுப் புகார் கொடுப்போம் என்று மிரட்டி என்னிடம் ராஜினாமா கடிதம் எழுதி வாங்கப்பட்டது. அது நான் விரும்பி எழுதியது அல்ல. அதை இதன் மூலம் திரும்பப் பெறுகிறேன். நான் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். வேலையில் சேர்ந்தபோது என்னிடம் கையெழுத்து வாங்கிய இரண்டு வெற்றுத் தாள்களையும், என் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் மதிப்பெண் பட்டியல்களையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இவ்வளவு போதும். திட்டோ, புலம்பலோ, சட்டப் பிரிவு எண்ணோ வேண்டாம். கடை முகவரிக்கு ஸ்பீடு போஸ்டில், சேர்ந்ததற்கான ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதையே போட்டோ எடுத்து மேனேஜரின் வாட்ஸப்புக்கும் அனுப்புங்கள், இரண்டு நீல டிக் விழுந்தால் அதுவும் ஒரு சாட்சி.

"வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன்" என்ற வரியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அந்த முகத்தில் இனி முழிக்க மாட்டேன் என்று உங்களுக்குத் தோன்றலாம், தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் வேலை கேட்காமல் பணம் மட்டும் கேட்டால், போனது நீங்கள்தான் என்ற அவர்கள் கதைக்கு நீங்களே முட்டுக் கொடுத்தது போலாகும். கேட்டும் சேர்க்கவில்லை என்றால், நிறுத்தியது யார் என்பது வெட்டவெளிச்சம். வெற்றுத் தாள் பற்றிய வரியும் அப்படித்தான். அந்தத் தாளில் நாளை எதை நிரப்பிக் கொண்டுவந்தாலும், முன்பே நீங்கள் எழுத்தில் சொல்லிவைத்தது அதன் பல்லைப் பிடுங்கிவிடும்.

பெட்டி மேல் உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கிய இடம் அதுதான். நீங்கள் தப்புச் செய்து மாட்டிக்கொண்டது போல எழுதியிருக்கிறீர்கள். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைவீதி. அங்கே துணிக்கடைப் பெண்கள் கழிப்பறைக்கும் உட்காரும் உரிமைக்கும் வருஷக்கணக்கில் போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் நம் சட்டமன்றமும் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்களால் உட்கார முடிய வேண்டும், நாள் முழுக்க நின்றபடியே இருக்கும் நிலை கூடாது என்று அது சொல்கிறது. இதற்குக் கர்ப்பிணியாக இருக்க வேண்டும் என்றில்லை, இருபது வயதுப் பையனுக்கும் அந்த உரிமை உண்டு. பேறுகாலச் சட்டப்படி நெடுநேரம் நிற்கும் வேலையை மறுக்கும் தனி உரிமை, பிரசவத்தை ஒட்டிய கடைசி பத்து வாரம் போலத்தான் வரும். ஐந்தாம் மாதத்தில் உங்களுக்குக் கைகொடுப்பது இந்த 22-ஏதான். கூட்டம் இல்லாத நேரத்தில் ஸ்டூல் தராமல் பெட்டியில் உட்கார வைத்தார்களே, சட்டத்தை மீறியவர்கள் அவர்கள். உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு இதைத் தனிப் புகாராகவே கொடுக்கலாம். ஆய்வாளர் கடைக்குள் வந்து பார்த்தால், மற்ற பெண்களுக்கும் நாற்காலி வரும்.

வேலை நேரம் பற்றிச் சுருக்கமாக: கடைகள் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. கூடுதல் வேலை சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54ஐத் தாண்டக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். ஒன்பதரையிலிருந்து ஒன்பதரை என்பதைச் சாப்பாட்டு நேரம் கழித்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, பிள்ளைப்பேறு. கர்ப்பிணியை வைத்திருந்தால் சும்மா சம்பளம் கொடுக்க வேண்டும் என்று கடைக்காரர்கள் கணக்குப் போடுகிறார்கள். உங்கள் விஷயத்தில் அந்தக் கணக்கே தப்பு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி இஎஸ்ஐயில் இருப்பவருக்கு, 26 வாரப் பேறுகாலச் சம்பளத்தைத் தருவது இஎஸ்ஐ கழகம். முதலாளியின் கல்லாவிலிருந்து ஒரு ரூபாய் போகாது. இன்னொன்று சொல்கிறேன், இது பலருக்குத் தெரியாது. வேலையை விட்டு நிறுத்திவிட்டால் இஎஸ்ஐ பணமும் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். இஎஸ்ஐயில் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு சந்தா காலங்கள் உண்டு. ஜூலை முதல் டிசம்பருக்குள் பிரசவம் என்றால், அதற்கு முந்தைய இரண்டு சந்தா காலங்களிலும் சேர்த்து 70 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால் போதும். உங்களுக்கு நவம்பரில் பிரசவம். போன ஏப்ரலிலிருந்து இந்த மார்ச் வரை நீங்கள் ஒரு வருஷம் முழுக்கக் கடையில் நின்றிருக்கிறீர்கள். அந்த உழைப்புக்குரிய பணம் அது. இஎஸ்ஐ கார்டு, ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட் எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்குப் போய், பிடித்த சந்தா முழுவதும் கட்டப்பட்டிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். பிஎஃப்பையும் உங்கள் யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) பாஸ்புக்கில் பார்த்துவிடுங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது சில கடைகளில் நடக்கிறது.

21,000க்கு மேல் சம்பளம் வாங்கி இஎஸ்ஐயில் இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், அவர்களுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்தை முதலாளியே தர வேண்டும். கர்ப்ப காலத்தில் வேலையை விட்டு நிறுத்தினாலும் பணம் தரும் கடமை தீராது. நிரந்தர வேலை இல்லை என்ற சாக்கும் செல்லாது. டெல்லி மாநகராட்சியில் சாலை வெட்டி, கல் சுமந்த தினக்கூலிப் பெண்களுக்கும் பேறுகாலப் பலன் உண்டு என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்போது, கணக்கு முடிக்கக் கூப்பிடுகிறார்களே, அது. புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீக்கினாலும் நீங்களாக விலகினாலும் பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள் வந்திருக்க வேண்டும். அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. பணம் கொடுத்தால் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் தனியாகப் போகாதீர்கள். அச்சடித்த தாளில் "எனக்கு வேறு எந்தப் பாக்கியும் இல்லை, எந்த வழக்கும் போட மாட்டேன்" என்று இருந்தால் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டே ஆக வேண்டும் என்றால், கையெழுத்துக்கு மேலேயே "என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதித் தேதி போடுங்கள். தொகை நிரப்பாத வவுச்சரில் ஒருபோதும் வேண்டாம்.

அந்தக் கணக்கில் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து வருஷம் முடித்தவருக்கு, ஒரு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு. உங்கள் 15,600ஐ 26ஆல் வகுத்தால் நாளுக்கு 600. பதினைந்து நாளுக்கு 9,000. ஆறு வருஷத்துக்கு 54,000 ரூபாய். முழுச் சம்பளமும் கணக்கில் வந்தால் இதுதான் தொகை. 30 நாளுக்குள் தர வேண்டியது. இதை நாங்கள் தருவதில்லை என்று சொல்லும் அதிகாரம் எந்தக் கடைக்கும் கிடையாது. வேலையில் மீண்டும் சேர்ந்துவிட்டால் இது அப்படியே தொடரும், போய்விடாது.

சேலை காணாமல் போனதற்கு செக்‌ஷனில் எல்லார் சம்பளத்திலும் பிடிப்பது, லேட்டுக்கு ஃபைன் போடுவது இதெல்லாம் உங்கள் கடையிலும் இருந்திருக்கலாம். இழப்பு உங்கள் கவனக்குறைவால்தான் வந்தது என்று காட்டாமலும், உங்களிடம் விளக்கம் கேட்காமலும் பிடிக்க முடியாது. அபராதம் என்றால் அந்தச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, உங்கள் சம்பளத்துக்கு 468 ரூபாய். சம்பளப் பாக்கி குறித்து வழக்கு வந்தால், கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பாரமும் கடைக்காரர் தலையில்தான்.

மார்க் ஷீட்டைப் பொறுத்தவரை, அதை வைத்துக்கொள்ள கடைக்கு எந்த உரிமையும் இல்லை. கல்விச் சான்றிதழ் ஒன்றும் விற்பனைப் பொருள் அல்ல, பாக்கிக்காகப் பொருளைப் பிடித்துவைப்பது பற்றிய ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆவது பிரிவைக் காட்டி அதைப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடிதம் கொடுத்தும் தராவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மனு ஏற்பு ரசீது வாங்குங்கள். திருட்டுப் புகார் என்று மிரட்டினார்களே, அதையும் அதே புகாரில் எழுதுங்கள். நீங்கள் முந்திக்கொண்டால் அந்த மிரட்டலுக்கு மதிப்பிருக்காது.

சூப்பர்வைசரின் பேச்சு பற்றி ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் எழுதிய அந்த வரி மட்டும்தானா, உங்கள் உடம்பைப் பற்றிக் கூச வைக்கும்படி வேறு ஏதாவதும் பேசினாரா? எழுதக் கூச்சப்பட்டு விட்டிருந்தால், வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கடையின் உள்ளகக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் செய்யலாம். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு கட்டாயம்.

ஆதாரம் ஒன்றுமில்லையே என்று நினைப்பீர்கள். சில வருஷத்துக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெண், மஞ்சள் பைக்குள்ளிருந்து தினசரி காலண்டர்த் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாக எடுத்து மேஜையில் வைத்தார். ஒவ்வொரு தாளின் பின்னாலும் பென்சிலில், உள்ளே போன மணி, வெளியே வந்த மணி, அன்றைக்குப் பிடித்த ஃபைன். பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த தாள்களாம். கடையின் வருகைப் பதிவேட்டில் இல்லாத உண்மை அந்தத் தாள்களில் இருந்தது. குறுக்கு விசாரணையில் மேலாளரால் ஒரு தாளைக்கூடப் பொய் என்று காட்ட முடியவில்லை. உங்களிடமும் இருக்கும். குடோனுக்கு மாற்றியதைச் சொன்ன வாட்ஸப் மெசேஜ், ஷிப்ட் போட்ட குரூப், சம்பளம் ஏறிய பாஸ்புக், 18ஆம் தேதி மேனேஜர் ரூமிலிருந்து வந்ததும் வீட்டுக்காரருக்கு அழுதுகொண்டே போட்ட போன் கால் பதிவு. எதையும் அழிக்காதீர்கள். அன்றைக்கு நடந்ததை, யார் எங்கே நின்றார்கள் என்பது வரை, மறப்பதற்கு முன் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். கூட வேலை பார்க்கும் பெண்களைச் சாட்சிக்கு வா என்று இப்போதே நெருக்காதீர்கள். அவர்களுக்கும் அதே மேனேஜர்தான்.

உங்கள் வீட்டுக்காரர் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வது உண்டு. வழக்கும் நாள் பிடிக்கும், ஒரு வருஷத்தைத் தாண்டினாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ஆனால் முதல் நோட்டீஸ் கையில் கிடைத்த கையோடு சமரசத்துக்கு இறங்கி வந்த முதலாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணியை மிரட்டி எழுதி வாங்கியதை ஒரு அரசு அதிகாரி முன் நின்று விளக்க யாருக்கும் விருப்பம் இருக்காது. தவறாக நீக்கியது என்று தீர்ப்பானால், மீண்டும் வேலையும் விட்டுப்போன காலத்துக்குப் பின்சம்பளமும் தருவதுதான் பொது விதி என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அவர்கள் வக்கீலுக்குத் தெரியும். சமரசம் பேசினால் அதிகாரி முன்னால் எழுத்தில் பேசுங்கள், கடை வாசலில் வேண்டாம்.

செலவு பற்றிக் கவலை வேண்டாம். பெண் என்ற ஒரே தகுதியில், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் தந்த உரிமை அது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேராகப் போகலாம், 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். அங்கே அவர் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வக்கீலே பதில் சொன்னால், என் எழுத்தைவிட அவருக்குத் தைரியம் வரும்.

திங்கட்கிழமை ஸ்பீடு போஸ்ட். அந்த வாரத்துக்குள் இஎஸ்ஐ கிளை அலுவலகமும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும். 17ஆம் தேதிக்குள் மேல்முறையீட்டு மனு. வரிசையில் நிற்க வைத்தால், ஐந்து மாதம் என்று சொல்லி நாற்காலி கேட்டு உட்காருங்கள்.